ஆறு கேசட்டும் தங்கையின் காதும்

கிட்டார் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது பழைய பேச்சை எடுத்தால் "சின்னவளோட கிட்டார்" என்றுதான் தொடங்குகிறார்கள். சின்னவள் அதற்கு ஒரு கம்பிகூட வாங்கிப் போட்டதில்லை. ரவாங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்று, முதல் வருட போனசில் நான் வாங்கியது அது.

மலேசியா, எண்பதுகளின் நடுப்பகுதி. பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே பாமாயில் தரும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா குலை வெட்டுவார், அம்மா உதிரிப் பழம் பொறுக்குவார். என்னைவிட மூன்று வயது இளையவளான என் தங்கை மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டு, தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலைக்குப் போகும் பெண்களின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். நாள் முழுக்கத் தொட்டில் ஆட்டிப் பாடுகிற வேலை. பாடுவதற்குச் சம்பளம் வாங்கியவள் எங்கள் தோட்டத்தில் அவள் ஒருத்திதான் என்று நான் அடிக்கடி குத்திக் காட்டுவேன். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரிப்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். தோட்டத்துக் கோயிலில் பாடகர் குழுவை நடத்தியவர் கிராணி ஐயா. வாரம் முழுக்கத் தோட்ட ஆபீசில் எழுதுகிறவர், ஞாயிற்றுக்கிழமை காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். தங்கை குழுவில் முன்வரிசை. என்னையும் இரண்டு வாரம் பாடவிட்டுப் பார்த்தார். மூன்றாவது வாரம், "நீ பாட்டுப் புத்தகம் குடுக்குற வேலைய பாத்துக்கம்மா, அது பொறுப்பான வேலை" என்றார். நல்ல மனிதர், மனம் நோகாமல்தான் சொன்னார். எனக்கு நொந்தது.

வருடத்துக்கு ஒரு முறை அறுப்பின் பண்டிகைக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் சபைகள் எல்லாம் கோலசிலாங்கூரில் கூடும். ஒவ்வொரு தோட்டத்துப் பாடகர் குழுவும் ஒரு பாட்டுப் பாடும். அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்துக் குழு கிட்டாரோடு வந்தது. பாடுகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள், கிட்டார் வாசித்த இளைஞன் மட்டும் அவர்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். சபை முழுக்க அவனைத்தான் பார்த்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கிராணி ஐயா, "அடுத்த வருசம் நம்மளுக்கும் ஒரு கிட்டார் வேணும்லா" என்றார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். தங்கை நிற்பாள், நான் உட்காருவேன்.

கிட்டார் வாங்குவது சுலபம், கடையில் மூன்றுதான் இருந்தன. புத்தகம் வாங்குவதுதான் பெரிய பாடு. கோலாலம்பூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக்கடை. கடை முதலாளியான சீனர், தவுக்கே என்போம், பழைய பனியனோடு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். சுவர் முழுக்க இங்கிலீஷ் புத்தகங்கள். எனக்கு யாரும் வழிகாட்டவில்லை, வழி கேட்கவும் எனக்கு இஷ்டமில்லை. கனமான புத்தகம் நல்ல புத்தகம் என்பது அப்போது என் கொள்கை.

அதனால் முதலில் வாங்கியது படப்புத்தகம். விரல் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று கட்டம் போட்டு, கறுப்புப் புள்ளி வைத்து, நூற்றுக்கணக்கான கார்டுகள், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் சுரக் கூட்டுகள். அகராதியை மனப்பாடம் செய்து ஒரு மொழியைப் பேசக் கற்றுக்கொள்ள நினைத்தவள் நான்தான். ஒரு மாதத்தில் நாற்பது கார்டு வைக்கத் தெரிந்தது. எதற்குப் பிறகு எது வரும் என்று மட்டும் தெரியவில்லை. அந்த விவரம் புத்தகத்தில் இல்லை.

அடுத்தது முப்பது நாளில் கற்றுத் தருவதாக அட்டையில் சத்தியம் செய்த புத்தகம். எழுதியவர் ஷிப்ட் வேலைக்குப் போகாதவர் என்று நினைக்கிறேன். ஏழாம் நாள் எனக்கு மூன்று வாரம் நீடித்தது. அதிலிருந்த பாட்டுகளெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பள்ளியில் பாடுகிறவை. பாட்டே தெரியாதபோது நான் வாசித்தது சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்வது? எதை வாசித்தாலும் சரியாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக வாங்கியதில் ஐந்து கோடு போட்டு, அதன்மேல் தலைப்பிரட்டை மாதிரி புள்ளிகள் நீந்தின. நான்கு பக்கத்தோடு அதை மூடிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் சோம்பேறி இல்லை. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், தொழிற்சாலையில் கையுறையைத் தடவி ஓட்டை பார்க்கும்போது எனக்கே உணர்வு தெரியாது. சூப்பர்வைசர் இரண்டு முறை திட்டினார்.

ஒரு நாள் மத்தியானம் மிஷின் கெட்டு எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு நடந்து வருகிறேன், யார் வீட்டிலோ ரேடியோவில் எங்கள் கோயில் பாட்டு கிட்டாரில் வருகிறது. நல்லாயிருக்கிறதே என்று நின்று கேட்டேன். நான்காவது அடியில் ஒரு கம்பி அதிர்ந்து கரகரத்தது. அந்தக் கரகரப்பு எனக்குத் தெரியும், என் கிட்டாரின் கரகரப்பு. ஆயாக்கொட்டகையிலிருந்து சீக்கிரம் வந்த தங்கை, வாசற்படியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"யாரும் இல்லக்கா. சும்மா தேடிப் பாத்தேன். இது கெளம்புற சத்தம், இது வீட்டுக்குத் திரும்புற சத்தம். நடுவுல இது ஒண்ணு. இந்த மூணு இருந்தா பாதி பாட்டு வந்துருது."

நான் உள்ளே போய்ப் படப்புத்தகத்தைப் புரட்டி அவள் விரல் வைத்த இடங்களைத் தேடினேன். மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் பெயர் இருந்தது. மூன்றையும் நான் மனப்பாடம் செய்திருந்தேன். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. நோகாமல் நுங்கு தின்கிறாள் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். இதில் அம்மா வேறு பக்கத்து வீட்டுக்காரியிடம், "பெரியவ புஸ்தகம் பாத்து படிச்சி தங்கச்சிக்கும் சொல்லிக் குடுக்குறா" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. அந்தப் பேரையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால், அவள் அடுப்படியிலிருந்தே "அக்கா, மூணாவது கம்பி எறங்கியிருக்கு" என்பாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வாள். கம்பியை முறுக்கிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. எனக்குக் கைவிரல் குறை இல்லை, காது குறை என்று புரிந்தது. காதுக்கும் கடையில் ஏதாவது விற்பார்கள், விற்காமலா இருப்பார்கள் என்று மறுபடி கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினேன்.

விற்றார்கள். தவுக்கே இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரு சிறு புத்தகமும் ஆறு கேசட்டும். ஒன்று, இரண்டு சுரங்களைக் கேட்டால் அவற்றுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கப் பழக்குவது. மற்றொன்று, ஒரே ஒரு சுரத்தை மட்டும் கேட்டுவிட்டு, அதன் பெயர் இன்னது என்று சட்டெனச் சொல்லப் பழக்குவது. தவுக்கே முதல் பெட்டியைத் தட்டி, "இனி பாகுஸ் லா, தங்கச்சி" என்றார். இதுதான் நல்லது, பாட்டு வாசிக்க இது போதும் என்று மலாயில் விளக்கமும் சொன்னார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அங்கே நின்று நான் என்ன நினைத்தேன் என்பது இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தூரம் பார்ப்பது என் தங்கைக்கு ஏற்கெனவே வருகிறது. கிளம்புகிற சத்தம், திரும்புகிற சத்தம் என்று அவள் சொன்னதெல்லாம் அதுதானே. ஆறு கேசட் கேட்டு முடித்தாலும் அவள் நிற்கிற இடத்துக்குத்தான் போய்ச் சேருவேன். எனக்கு வேண்டியது அவளிடம் இல்லாத ஒன்று. தவுக்கே தலையை ஆட்டியதைப் பொருட்படுத்தாமல் இரண்டாவது பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாடம் இதுதான். காலையில் எழுந்ததும் வேறு எந்தச் சங்கீதமும் காதில் விழுவதற்கு முன் கேசட்டைப் போட வேண்டும். வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு சுரத்தின் பெயரைச் சொல்லி, அதைப் பியானோவில் பத்து முறை தட்டுவார். அதை மனதில் பதித்துக்கொண்டு, அதற்குக் கிட்டாரின் கம்பியைச் சேர்க்க வேண்டும். நாளாக நாளாக கேசட் இல்லாமலே அந்தச் சுரம் மனதிலிருந்து வரும்.

எங்கள் தோட்டத்தில் மின்சார என்ஜின் சாயங்காலம்தான் ஓடும். காலையில் கரண்ட் கிடையாது. அதனால் ரேடியோ கேசட்டுக்கு நான்கு பெரிய பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் தூக்கி எறிகிற பழக்கம் எங்கள் லயத்தில் யாருக்கும் இல்லை. கருவாடு காயும் தகரத்தில் ஓரமாக வைத்து இரண்டு நாள் வெயில் காட்டினால் அதற்கு உயிர் வந்துவிடும். முழு உயிர் இல்லை, முக்கால் உயிர். அடுத்த முறை அரை உயிர். பாட்டுக் கேட்பதற்கு அது போதும், யாரும் குறை சொன்னதில்லை.

நான் அந்த நான்கு பேட்டரியையும் வெயிலில் வைத்து வைத்தே மூன்று மாதம் படித்தேன். வெள்ளைக்காரரின் குரல் வாரத்துக்கு வாரம் கனமாகிக்கொண்டே வந்தது. பாடம் முக்கியமான கட்டத்துக்கு வந்துவிட்டது, அதனால் நிதானமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு காலையில் தங்கை ஆயாக்கொட்டகைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அக்கா, அந்த டேப்பு தூங்குது" என்றாள்.

"என்னாது?"

"போன வாரம் அந்தச் சத்தம் இதவிட மேல இருந்துச்சு. போன மாசம் இன்னும் மேல. எறங்கிக்கிட்டே வருதுக்கா."

"வெள்ளக்காரன் மிஷின் வச்சி அளந்து டேப்புல போட்டுருக்கான். தொட்டி ஆட்டுறவ நீ வந்து திருத்துறியா? வேலைக்குப் போ லா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழியையும் அவள் முதுகுக்குப் பின்னால் வீசினேன். அவள் வேலைக்குப் போனாள். அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது, அந்தப் பொறாமையில் அவள் உளறுகிறாள் என்று நிஜமாகவே நம்பினேன். என்னிடம் இருந்ததை அவளிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிராணி ஐயா என்னைக் கிட்டாரோடு வரச் சொன்னார். குழு முழுக்க நின்றது. எனக்காக முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். உட்கார்ந்தேன். ஐயா ஆர்கனில் விரலை வைத்து, "சுருதி குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாங்கய்யா. எனக்கு மனசுலயே இருக்கு."

இரண்டாவது வரிசையில் யாரோ "அம்மாடி" என்றது காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மாதம் உழைத்தேன். கண்ணை மூடி, மனதில் பதிந்திருந்த சுரத்தை எடுத்து, ஆறு கம்பியையும் அதற்குச் சேர்த்தேன். கிட்டார் தனக்குள் சரியாகவே சேர்ந்திருந்தது. ஐயா தலையசைத்து ஆர்கனைத் தொடங்கினார், நான் முதல் கார்டை அடித்தேன்.

ஒரு பக்கம் ஆர்கன், அதற்குக் கீழே எங்கேயோ பள்ளத்தில் என் கிட்டார். நான் இன்னும் பலமாக அடித்தால் சரியாகிவிடும் என்று பலமாக அடித்தேன். பாடுகிறவர்களுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை, பாட்டு இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயா ஆர்கனிலிருந்து காலை எடுத்துவிட்டு, "இது எந்த ஊர் சுருதிம்மா?" என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பிறகு தங்கையைப் பார்த்து, "நீ வாங்கிப் பாரும்மா" என்றார். அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் கிட்டாரை நீட்டினேன், வேறென்ன செய்ய? ஐயா ஒரு கட்டையை அமுக்கிக் காட்டினார். அவள் தலையைச் சாய்த்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் நின்றபடியே வாசிக்க, குழு பாடியது. அந்தப் பாட்டை நான் அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவ்வளவு நன்றாக ஒரு தடவையும் கேட்டதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டியிருந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

"பண்டிகைக்குச் சின்னவ வாசிக்கட்டும்," என்றார் ஐயா. "கிட்டார் ஒன்னோடது. நீ என்னம்மா சொல்ற?"

"சரிங்கய்யா," என்றேன்.

வரும் வழியில் கடையில் நிறுத்திப் புது பேட்டரி நான்கு வாங்கினேன். வீட்டில் கேசட்டைப் போட்டதும் வெள்ளைக்காரருக்குப் பையன் குரல் வந்துவிட்டது, நான் மூன்று மாதம் கேட்டவர் இவரில்லை. சுரமும் எங்கேயோ மேலே போய் நின்றது. அப்போதுதான் தவுக்கேயின் முதல் பெட்டியை நினைத்துக்கொண்டேன். அதை வாங்கியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. டேப் மெதுவாக ஓடினால் எல்லாச் சுரமும் சேர்ந்துதான் இறங்கும், அவற்றுக்கு நடுவிலிருக்கும் தூரம் அப்படியே இருக்கும். அரை உயிர் பேட்டரியிலும் ஒழுங்காகப் படித்திருக்கலாம். தங்கையிடம் இருப்பது எனக்கு வேண்டாம் என்று தள்ளியதால் வந்த வினை இது.

இது புரிந்தும் மனம் திருந்தவில்லை. அந்த ஒரு வாரம் அவள் வாசலில் உட்கார்ந்து பண்டிகைப் பாட்டைப் பழகினாள். எடுக்கும் முன்னால் ஒவ்வொரு நாளும் "எடுத்துக்கட்டாக்கா?" என்று கேட்பாள். நான் "ம்" என்பேன். உள்ளே உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். தப்பு வருமா என்று காத்திருப்பேன். வராது.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்குக் கிட்டாரை நானே எடுத்து வருவதாகச் சொல்லி, அவளை முன்னால் போகச் சொன்னேன். பிறகு வெறுங்கையோடு போனேன்.

"கிட்டார் எங்கம்மா?" என்றார் கிராணி ஐயா.

"கம்பி முறுக்குற சாவி ஒடஞ்சிருச்சுங்கய்யா. இனி சுருதி சேக்க முடியாது."

எப்படி அது வாயில் வந்தது என்று கேட்காதீர்கள். வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் போனேன். ஐயா தங்கையின் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார். அன்று காலை பத்து மணிக்குத்தான் அவள் அந்தக் கிட்டாரைத் துடைத்து உறைக்குள் வைத்திருந்தாள். ஆறு சாவியும் நன்றாகச் சுற்றின.

"ஆமாங்கய்யா," என்றாள். "நேத்து கீழ விழுந்துருச்சு. என் கைதான் பட்டுச்சு."

ஐயா பெருமூச்சு விட்டுவிட்டு ஆர்கனுக்குத் திரும்பினார். மறுபடியும் பழையபடி ஆர்கன் மட்டும் வைத்துப் பழகினார்கள். என் மாதிரி ஆளை யாரும் சந்தேகப்படவில்லை, கவனமில்லாதவள் என்ற பேர் அவளுக்குத்தான் வந்தது. குழுவில் ஒருத்தி, "அக்கா காசு போட்டு வாங்குன சாமான், இப்படியா பண்ணுவ?" என்று அவளைக் கடிந்துகொண்டாள். அவள் "தெரியாம பட்டுருச்சு" என்றாள்.

பண்டிகை அன்று பக்கத்துத் தோட்டத்து இளைஞன் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தான். இரண்டு இடத்தில் தடுமாறினான், எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் குழு நாற்காலி இல்லாமல் நின்று பாடியது. நான் பின்வரிசையில் பாட்டுப் புத்தகங்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு கேட்டேன். நான் உட்காரவில்லை, அவளையும் உட்கார விடவில்லை. கணக்கு சரியாகிவிட்டது என்று தோன்ற வேண்டும் அல்லவா? தோன்றவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அந்த ஒரு வாரமும் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோயில் கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அக்கா, நீ வாசிக்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே ஐயாகிட்ட முடியாதுன்னு சொல்லியிருப்பேன்ல. எதுக்கு கோயில்ல நின்னு பொய் சொன்ன? என்னையும் சொல்ல வச்சிட்ட."

அவள் குரலில் கோபம் இல்லை. அழவும் இல்லை. கம்பி இறங்கியிருக்கிறது என்று அடுப்படியிலிருந்து சொல்வாளே, அந்தக் குரல். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் புக்கிட் ரோத்தானைத் தாண்டியது. வெட்கமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். வெட்கம் பிறகு வந்தது, பல வருடம் கழித்து. அன்றைக்கு அந்த பஸ்ஸில் எனக்குத் தோன்றியது வேறு. நான் கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள், மனம் நோகாமல் கொடுத்திருப்பாள். அதையும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.